வளையத்தின் பாரமும் கையின் உணர்வும்

மலைநாட்டில் மோட்டார் வண்டி செலுத்துவோர்க்குக் கண்ணுக்கு அடுத்த துணை கையே. கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் வளைவுகளில், மழைக்காலத்து ஈரத்தில், முன் சில்லுகள் தெருவைப் பற்றியிருக்கின்றனவா, வழுக்கத் தொடங்கிவிட்டனவா என்பதைச் சாரதிக்கு அறிவிப்பது அவர் பற்றியுள்ள ஸ்டியரிங் வளையமே. டயரின் பிடி எல்லையை நெருங்குகையில், சில்லை நேராக்க முயலும் முறுக்கம் குறைகின்றது. வளையம் கையில் இலேசாகின்றது. அவ்விலேசை உணர்பவர் வேகத்தைத் தணிப்பார். உணராதவர் தெருவை விட்டு விலகுவார்.

நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில் 1934 ஆம் ஆண்டு தொடங்கிய மலையேற்றப் பந்தயத்தை நம்மவர் பலரும் அறிவர். ஆயினும் பந்தய வண்டியில் ஏறும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதன்று. ஆதலின் இன்றைய இளைஞர் பலர் கணினியிற் பந்தயம் ஓடிப் பழகுகின்றனர். அதற்கென அமைந்த கருவியில், தெரு தரும் முறுக்கத்தை ஒத்த முறுக்கத்தை ஒரு மின்மோட்டர் வளையத்துக்கு ஊட்டும். இதுவே விசைப் பின்னூட்டல். வளையத்தின் பாரம் இவ்வுணர்வை எவ்வாறு மாற்றுகின்றது என்பதே நாம் ஆராயப் புகுந்த வினா.

தேயிலைத் தொழிற்சாலையின் பழைய எண்ணெய் எஞ்சினைக் கண்டோர் அதன் பெரிய பறப்புச்சில்லை மறந்திரார். எஞ்சினின் உந்தல் விட்டுவிட்டு எழுவது. பாரமான அச்சில்லோ அத்துடிப்பை விழுங்கி ஓட்டத்தைச் சீராக்கும். பாரமான வளையமும் அதனையே செய்கின்றது. அங்கே நன்மையானது இங்கே குறையாகின்றது. விழுங்கப்படுவது தெருவின் செய்தியன்றோ!

இதற்குக் காரணம் சடத்துவத் திருப்பம். அது திணிவை ஆரையின் வர்க்கத்தாற் பெருக்க வருவது. மையத்திலிருந்து 5 சதமமீற்றரில் உள்ள 450 கிராமும், 15 சதமமீற்றரில் உள்ள 50 கிராமும் சடத்துவத்தில் ஒன்றே. ஆகவே தராசு காட்டும் நிறையை மட்டும் நோக்குதல் போதாது. அந்நிறை எங்கே அமைந்துள்ளது என்பதே முதன்மை. மேலும், விரைவான அதிர்வே பெரிதும் பாதிக்கப்படும். செக்கனுக்கு 2 தடவை ஆடும் முறுக்கத்தையும் 20 தடவை ஆடும் முறுக்கத்தையும் ஒரே அளவில் ஊட்டினால், பின்னையது தனித்த வளையத்தை அசைக்கும் அளவு முன்னையதன் நூறிலொரு பங்கே. அச்சிறு அசைவும், சடத்துவம் இருமடங்கானால், பாதியாகிவிடும்.

ஆனால் நெடிய வளைவொன்றில் வளையத்தை அசையாது பிடித்திருக்கையில், பாரம் எதனையும் மாற்றுவதில்லை. மோட்டரின் முறுக்கம் முழுவதும் கைக்கு வந்து சேரும். வழுக்கும் வண்டியை மீட்க விரைந்து திருப்பும்போதுதான் தொல்லை. வளையத்தை அசைக்க வேண்டிய முயற்சியே கையை நிரப்ப, டயர் தந்த இலேசு அதனுள் மறைந்துபோகும்.

கருவியின் வகையும் கருதத்தக்கது. 2015 இல் வெளிவந்த லொஜிடெக் ஜி29 போன்றவற்றில் மோட்டர் பற்சில்லுகளின் வழியே இயக்குகின்றது. அங்கே மோட்டர்ச் சுழலியின் சடத்துவம் பற்சில்லு விகிதத்தின் வர்க்கத்தாற் பெருகிக் கைக்குத் தோன்றுதலின், வளையத்தின் பங்கு சிறிதாகும். வளையம் மோட்டரின் அச்சிலேயே நேரே பொருந்தும் கருவிகளிலோ அதன் பங்கு பெரிது. பாரத்தின் வேறுபாடு அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

பழைய பஸ் வண்டியின் பெரிய வளையத்தைப் பூட்டி மகிழ விரும்புவோர் இன்னொன்றையும் எண்ணுக. 6 நியூற்றன் மீற்றர் முறுக்கம் 15 சதமமீற்றர் ஆரையில் 40 நியூற்றன் விசையாகும். 20 சதமமீற்றரில் 30 நியூற்றனே. சடத்துவமோ, அதே திணிவுக்கு, ஏறத்தாழ 1.8 மடங்காகும். விசை குறைந்து மந்தம் மிகும் என்க.

பாரம் முற்றிலும் தீதன்று. கைவிட்ட வளையம் வீணே நடுங்காமல் அது அடக்கும். லொறி ஓட்டிப் பழகுவார்க்குப் பொருந்தவும் கூடும். ஆயின் பந்தயம் பழகும் மாணவர், மிகு முறுக்கமுள்ள கருவிக்குப் பெரும்பணம் செலவிடுமுன், இலேசான சிறு வளையமொன்றை மாற்றிப் பார்த்தல் நன்று. உரக்கப் பேசும் கருவியினும் தெளிவாகப் பேசும் கருவியே கைக்கு நல்லாசான்.