ஊர்ப் பொதுவில் ஓர் அடிகுழாய்

ஏழை மக்கட்கெனப் பொருள் செய்தல் எளிய தொழிலென்று கருதுவார் பலர். செல்வர் கையாளும் பொருளொன்றை எடுத்து, அதன் உறுப்புக்களிற் சிலவற்றைக் களைந்து, மலிந்த உலோகத்தாற் செய்து விலையைக் குறைத்துவிட்டால், அதுவே ஏழைக்கு ஏற்றதாகும் என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடையது என்பதை, ஊர்தோறும் தெருமுனையில் நாம் காணும் அடிகுழாயைக் கொண்டே விளக்கலாம் எனத் துணிந்து யாம் இக்கட்டுரையைத் தொடங்குகின்றோம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இரும்பைப்பற்றி என்ன தெரியும் என நண்பர்கள் நகையாடக்கூடும். நகையாடுக! குழாயடியில் குடத்துடன் முறைக்குக் காத்து நின்றார்க்கு அதனைப்பற்றிச் சிந்திக்க நேரம் மிகுதியும் உண்டு.

1967ஆம் ஆண்டை ஒட்டி வடநாட்டிற் கொடிய வறட்சி தோன்றிற்று. கிணறுகள் வறண்டன, கடும்பாறை நிலங்களில் மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு இன்னும் ஆழமாகத் தோண்டுதல் இயலாதாயிற்று. அப்பொழுது யுனிசெப் நிறுவனத்தின் வாயிலாகப் பாறையைத் துளைக்கும் காற்றழுத்தப் பொறிகள் இந்தியாவிற்கு வந்தன. பல நாள் தோண்டியும் கிட்டாத நீரை அப்பொறிகள் விரைவில் எட்டின. குறுகிய துளைகள் பல்லாயிரம் தோன்றின. அவற்றின் தலையிலே வார்ப்பிரும்பாலாகிய அடிகுழாய்கள் பொருத்தப்பட்டன. தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்தது என யாவரும் மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1974இல் ஆராய்ந்து பார்த்தபோது, நான்கில் மூன்று குழாய்கள் இயங்காமற் கிடந்தன எனத் தெரியவந்தது. துளையின் அடியில் நீர் இருந்தது. மேலே தாகமுடைய மக்கள் இருந்தனர். இடையில் நின்ற இரும்பே முறிந்து போயிற்று. ஆழ்துளைக் கிணற்றில் வாளியை இறக்கவும் இயலாது என்பதை இங்கு நினைத்தல் வேண்டும். குழாய் பழுதானால் அக்கிணறு இருந்தும் இல்லாததே. மக்கள் என் செய்வர்? பழைய குளத்திற்கும் படிக்கிணற்றிற்குமே மீண்டனர். நரம்புச் சிலந்தி என்னும் கொடிய நோய் அத்தகைய நீரினாலேயே பரவுவது. நோயுற்றார் நீரில் இறங்குங்கால் அவர்தம் காலிலுள்ள புண்ணினின்றும் புழுவின் குஞ்சுகள் நீரிற் கலக்கும். அவற்றை உண்ட சிற்றுயிர்கள் உள்ள நீரைப் பருகினார்க்கு, ஏறக்குறைய ஓராண்டு கழித்து, முழ நீளத்திற்கும் மேற்பட்ட புழு தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். ஒரு குழாயின் ஆணி தேய்தலால் இத்துணைத் துன்பம் விளையுமாயின், அவ்வாணியைச் சிறு பொருளென்று தள்ளலாகுமோ?

அக்குழாய்கள் முறிந்தமைக்குக் காரணம் வெளிப்படை. அவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனிக் குடும்பங்களின் முற்றத்தில் நின்றவற்றைப் பார்த்துச் செய்யப்பட்டவை. ஒரு வீட்டார் நாளொன்றிற்குச் சில முறை அடித்துக் கொள்ளும் குழாயை, நூற்றுக்கணக்கானோர் வைகறை முதல் இரவு வரை ஓயாது அடித்தால் அது எங்ஙனம் தாங்கும்? நீரும் ஆழத்தில் இருந்தமையால் ஒவ்வோர் அடியிலும் சுமை மிகுந்தது. கைப்பிடியின் மூட்டுக்கள் பல, ஒவ்வொன்றும் தேய்ந்தது. உள்ளே செல்லும் தண்டு கைப்பிடியோடு நேரே பிணைக்கப்பட்டிருந்தமையால், அது நேராக ஏறாமற் பக்கவாட்டில் இழுக்கப்பட்டு வளைந்தது. மலிவான பொருள்தான், ஆயின் மாதந்தோறும் பழுது பார்க்க வேண்டிய மலிவுப் பொருளினும் விலையேறிய பொருள் வேறுண்டோ?

இதற்குத் தீர்வு பெரிய ஆய்வுக்கூடத்திலே முதலிற் பிறக்கவில்லை. மராட்டிய நாட்டில் ஜால்னா, சோலாப்பூர் என்னும் ஊர்களில் கிறித்தவத் தொண்டர்களைச் சார்ந்த பட்டறைகளிலே, நாள்தோறும் முறிந்த குழாய்களைப் பழுது பார்த்துச் சலித்த கைவினைஞர் கையிற் பிறந்தது. வார்ப்பிரும்பை நீக்கி எஃகைக் கொண்டனர்; மூட்டுக்கள் பலவற்றை ஒழித்து ஒன்றே போதுமென்றனர்; தண்டைக் கைப்பிடியோடு பிணைக்கச் சங்கிலியைக் கையாண்டனர். மிதிவண்டி ஓட்டும் மாணவர் இச்சங்கிலியின் பயனை எளிதில் உணர்வர். கைப்பிடியின் முன்முனையில் வில்போல் வளைந்த பகுதி ஒன்றுண்டு. சங்கிலி அவ்வளைவின்மேற் படிந்து கிடக்கும். கைப்பிடியைத் தாழ்த்துங்கால் வளைவு மேலெழும். சங்கிலி அவ்வளைவை ஒட்டியே செல்லுதலின் தண்டு எப்பக்கமும் சாயாது செங்குத்தாக ஏறும். சங்கிலி இழுக்க வல்லதேயன்றித் தள்ள வல்லதன்று; ஆதலின் கைப்பிடியை உயர்த்துங்கால் தண்டு தன் எடையினாலேயே கீழிறங்கும். பகைவராகிய எடையை ஏவலாளராக்கிய இத்திறம் எமக்குப் பெருவியப்பைத் தருகின்றது.

இவற்றையே அடிப்படையாகக் கொண்டு, யுனிசெப் நிறுவனமும், சென்னையிலிருந்த இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையமும், ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் என்னும் தொழிற்சாலையும் கூடி, 1975 முதல் 1977 வரை உழைத்து, 'இந்தியா மார்க் 2' என்னும் அடிகுழாயை உருவாக்கின. நீர்மட்டம் மிக ஆழ்ந்து கிடந்த கோயம்புத்தூர்ப் பகுதியில் அதனைச் சோதித்தனர். விலை குறைவாதல் வேண்டும். சிறிய பட்டறையிலும் செய்தற்கு இயலல் வேண்டும். ஓராண்டேனும் முறியாது நிற்றல் வேண்டும். பெண்டிரும் சிறாரும் வருந்தாது அடித்தல் வேண்டும். இவையே அவர்கள் வகுத்துக்கொண்ட வரையறைகள். ஏறக்குறைய 50 மீட்டர் ஆழத்திலிருந்தும் அது நீரைக் கொணர்ந்தது. அதன் அமைப்பிற்கு எவரும் தனியுரிமை கொள்ளவில்லை என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது. அளவுகள் அனைத்தும் ஐ. எஸ். 9301 என்னும் எண்ணுடைய இந்தியத் தர ஏடாக வெளியிடப்பட்டன. எவரும் செய்யலாம், ஒருவர் செய்த உறுப்பு மற்றொருவர் செய்த குழாயிற் பொருந்தும். நரம்புச் சிலந்தி நோய் 1996இல் இந்தியாவில் இறுதியாகக் காணப்பட்டு, 2000ஆம் ஆண்டில் நாடு அந்நோயினின்றும் விடுபட்டதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. தூய நீரை வடிகட்டிப் பருகப் பழக்கியோர் முதலாகப் பலருடைய உழைப்பு அதில் உண்டெனினும், அடிகுழாய்க்கும் அதிற் பங்குண்டு என்பது மறுக்கொணாதது.

எனினும் மார்க் 2 குற்றமற்றதன்று. நீரை ஏற்றும் உருளை துளையின் அடியிற் கிடப்பது. அதனுள் இருக்கும் சிறு தோல் வாஷர் தேய்ந்தாலும், உள்ளிருக்கும் இரும்புக் குழாய்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாக மேலே இழுத்தாக வேண்டும். அதற்கு முக்காலி, வண்டி, ஆட்கள் எனப் பெரும்படை வேண்டும். படை நகரத்திலிருந்து வரும்வரை ஊரார் காத்திருந்தனர். ஆகவே 1983இல் தொடங்கிக் கோயம்புத்தூர் மாவட்டத்திலேயே மீண்டும் சோதனைகள் செய்து, 'மார்க் 3' என்பதை அமைத்தனர். அதில் ஏற்றுகுழாய் அகன்றது. ஆதலின் தண்டையும் உந்தியையும் மட்டும் அதனூடே வெளியே உருவலாம். ஆயின் அகன்ற குழாய் விலையேறியது, எடை மிக்கது. எனவே பழையதே மிகுதியும் வழங்கலாயிற்று. ஒரு குறையைத் தீர்க்கப் புகுந்தால் மற்றொன்று தலைகாட்டுகின்றது!

கடல் கடந்தும் அக்குழாய் சென்றது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் அது நிலைகொண்டது. உகாண்டாவில் சிறு மாறுதல்களுடன் 'யூ 2' எனப் பெயர் பெற்றது. ஆங்கு எதிர்பாராத இடர் ஒன்று நேர்ந்தது. சில இடங்களின் நிலத்தடி நீர் புளிப்புத் தன்மை உடையது. அது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை அரித்தது. நீர் செந்நிறமாகித் துரு நாறிற்று. சோறு நிறம் மாறிற்று. குழாய் நன்றாகவே இயங்கியது. பெண்டிர்தாம் அதனைவிட்டுப் பழைய ஊற்றிற்குச் சென்றனர். கோயம்புத்தூரிற் சோதித்தது கோயம்புத்தூர் நீருக்கே பொருந்தும் போலும்.

இனி, இதற்கு நேர்மாறான ஒன்றையும் கூறுவோம். தென்னாப்பிரிக்காவில் 'பிளே பம்ப்' எனும் பொறி தோன்றிற்று. குழந்தைகள் ஏறிச் சுழலும் இராட்டினம் ஒன்று நீரை இறைத்து மேல்தொட்டியில் நிரப்பும். தொட்டியின் பக்கங்களில் விளம்பரங்கள் பணம் ஈட்டும். கேட்பார்க்கு இஃது எத்துணை இனிமை! 2006இல் அமெரிக்காவில் 1 கோடியே 64 இலட்சம் டாலர் இதற்கென வாக்களிக்கப்பட்டது. 2010க்குள் 4,000 பொறிகள் நாட்டுவதே நோக்கம். ஆயின் ஒன்றன் விலையிற் சாதாரண அடிகுழாய் ஏறக்குறைய நான்கு நிறுவலாம். குறித்த அளவு மக்களுக்கு நீர் தரவேண்டுமாயின் சிறார் நாளொன்றிற்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என 2009இல் ஓர் ஆங்கிலச் செய்தித்தாள் கணக்கிட்டுக் காட்டியது. சிறார் பள்ளி சென்ற வேளையில் முதிய பெண்டிர் குனிந்து நின்று அவ்விராட்டினத்தைக் கையாற் சுழற்றினர். இயங்கிக்கொண்டிருந்த அடிகுழாயை அகற்றிவிட்டு இதனை நாட்டிய இடங்களும் உண்டு. அதுவே எம் உள்ளத்தை வருத்துவது. பொருளை விரும்பினார் ஒருவர், நாள்தோறும் கையாண்டார் வேறொருவர். கையாண்டாரை முன்னரே கேட்டவர் இலர். திட்டம் 2010 அளவில் நின்றது.

உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த பாந்தா மாவட்டத்தில், 1990ஆம் ஆண்டை ஒட்டி, மகிளா சமாக்கியா என்னும் அமைப்பினர் ஊர்ப் பெண்டிர்க்கு மார்க் 2 குழாயைப் பழுது பார்க்கும் தொழிலைக் கற்பித்தனர். அவருட் பலர் தாழ்த்தப்பட்ட குலத்தினராகவும் கோல் பழங்குடியினராகவும் இருந்தனர், எழுத்தறியாதவர். கனத்த குழாய்களைத் தூக்கப் பெண்ணால் ஆகுமோ என ஆடவர் நகைத்தனர். அவர்கள் பிடித்த குடத்தைத் தீட்டென்று ஒதுக்கிய தெருக்களிலேயே அவர்கள் திருப்புளியோடு சென்று குழாயைக் கழற்றிப் பூட்டினர். உறுப்புக்களின் கணக்கை எழுதவும், வந்த தாள்களைப் படிக்கவும் எழுத்து வேண்டியதாயிற்று. தமக்கு எழுத்தும் கற்பிக்குமாறு அவர்களே கேட்டனர்.