கடைசிச் சீட்டுக்கு முன்னால்

போக்கரில் கைக்கு வரக்கூடிய மிகப் பெரிய ஜோடி, இரண்டு ஏஸ். அது உங்களிடம் இருக்கிறது. எதிரே இருப்பவரிடம் இரண்டு ராஜா. இருவருமே மொத்தப் பணத்தையும் நடுவில் தள்ளிவிட்டீர்கள். இப்படி நூறு ஆட்டம் ஆடினால் ஏறக்குறைய 82 உங்களுக்குத்தான். மேசையில் விரிக்கவேண்டிய ஐந்து சீட்டில் நான்கு விழுந்தாயிற்று. எதுவும் அவருக்கு உதவவில்லை. கட்டில் மிச்சம் இருக்கக்கூடியவை 44 சீட்டுகள், அவரைக் காப்பாற்றக்கூடியவை அதில் இரண்டே இரண்டு. ஐந்தாவது சீட்டு திரும்புகிறது. இஸ்பேட் ராஜா.

முகம் சூடாகும், காது அடைக்கும், வயிற்றில் ஏதோ நழுவும். போன பணம் மட்டும் இதற்குக் காரணமில்லை.

1990களில் நரம்பியல் அறிஞர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு விளக்கைப் பார்த்தே துடித்தன. சாறு வந்தபோது அசையவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வந்திருக்கவேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கத்தைவிடத் தாழ்ந்தது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியை அந்த அணுக்கள் அளந்துகொண்டிருந்தன! இதைத் தெரிந்துகொண்ட பிறகு, தோற்றவன் துவளுவதைப் பலவீனம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அந்தத் தாழ்வு ஒரு பாடம்: 'செய்தது தப்பு, மாற்று' என்கிறது. சூடுபட்ட கை அடுப்பை விட்டு விலகக் கற்பதற்கு இது போதும். சீட்டு மேசையில் சரியாக ஆடியவனுக்கும் அதே அடி விழுகிறது. மட்டமான சீட்டோடு பிடிவாதமாக நின்று அதிர்ஷ்டத்தில் ஜெயித்தவனுக்கோ மூளை சபாஷ் போடுகிறது. எனக்கு இந்த இரண்டாவதுதான் அதிகம் பயமாக இருக்கிறது. சந்தோஷத்துக்கு யாரும் வைத்தியம் தேடுவதில்லை.

பின்பால் எந்திரத்தை ஆத்திரத்தில் குலுக்கினால் 'டில்ட்' விளக்கு எரிந்து மட்டைகள் அப்படியே செத்துவிடும். நிதானம் இழந்த ஆட்டத்துக்குப் போக்கர்காரர்கள் வைத்த பெயரும் அதுதான். விட்டதைப் பிடிக்கிறேன் என்று இறங்குபவர் சாதாரணமாகத் தொடவே தொடாத சீட்டையும் ஆடுவார். நஷ்டத்தில் நிற்கும்போது மனிதர்கள் துணிந்து ஆபத்தைத் தேடுவார்கள் என்று உளவியலாளர்கள் கானெமனும் ட்வெர்ஸ்கியும் 1979லேயே காட்டியிருக்கிறார்கள்.

மரியா கொன்னிகோவா கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். இதெல்லாம் அவருக்குப் பாடமாகவே தெரியும். ஆனாலும் போக்கர் கற்க தேர்ந்த ஆட்டக்காரர் எரிக் சைடலிடம் போனபோது, அநியாயமாகத் தோற்ற கதையைத்தான் சொல்ல வந்தார். சைடல் கேட்க மறுத்துவிட்டார். அந்தக் கையை ஆடிய விதத்தில் சந்தேகம் இருந்தால் சொல், பேசலாம் என்றார். 2018 ஜனவரியில் பஹாமாஸில் நடந்த ஒரு போட்டியில் கொன்னிகோவா முதலிடம் பெற்றார். பரிசு 84,600 டாலர்.

இன்னொரு ஆட்டக்காரர் ஆனி ட்யூக், 2018ல் வெளிவந்த தன் புத்தகத்தில், யோசனை கேட்கும்போது முடிவை மறைத்துவிடச் சொல்கிறார். கையில் இருந்த சீட்டு, எதிராளி வைத்த பணம், அதுவரை விழுந்த சீட்டுகள் எல்லாவற்றையும் சொல்லலாம். தீர்மானம் எடுத்த இடம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். கேட்பவருக்கு அந்த இஸ்பேட் ராஜா வந்ததே தெரியாது.