ஆயுட்கால எண்ணெய், யாருடைய ஆயுள்வரை? அதிகம் ஓடிய சொகுசு காரை வாங்கும் முன்

டெல்லியில் பதிவான டீசல் காருக்கு ஒன்பது வயது கடந்தால், அதன் விலையை வண்டியின் நிலையோடு நாள்காட்டியும் சேர்ந்து தீர்மானிக்கிறது. பத்து ஆண்டுகளைத் தாண்டிய டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. 2025 ஜூலை 1 முதல் இத்தகைய வண்டிகளுக்கு பெட்ரோல் பங்க்குகளில் எரிபொருள் கிடையாது என்ற உத்தரவு வந்து, சில நாள்களிலேயே நின்றது. ஆகஸ்டில் உரிமையாளர்கள்மீது கடும் நடவடிக்கை கூடாது என்ற உச்ச நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.-4 மற்றும் அதற்குப் பிந்தைய மாசுத் தர வண்டிகளோடு நிறுத்திக்கொண்டது. விதி எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத உரிமையாளர், பத்தாம் ஆண்டு நிறைவதற்குள் விற்றுவிடவே பார்க்கிறார். புதிதில் அரைக் கோடி ரூபாய்க்கு விற்ற செடான்கள் சின்ன கார் விலைக்கு தடையில்லாச் சான்றோடு (என்.ஓ.சி.) சென்னை, கோவைச் சந்தைகளுக்கு வந்து சேர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வாசகர்களின் குழப்பமெல்லாம் மீட்டரில் உள்ள எண்ணைச் சுற்றியே இருக்கிறது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் அதிகமா, எண்பதாயிரம் ஓடியதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கிய பின் பணத்தைக் கரைப்பது பெரும்பாலும் அந்த எண் அல்ல. செய்திருக்க வேண்டிய எந்தப் பராமரிப்பு செய்யப்படாமல் போனது என்பதுதான் கணக்கு. அதை விளக்க 2010 முதல் 2017 வரை விற்ற பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸ், அதிலும் 520டி, நல்ல எடுத்துக்காட்டு. செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்ட் சிட்டி ஆலையில் பாகங்களை ஒருங்கிணைத்து உருவாக்கப்பட்ட வண்டி அது. பழைய கார் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது.

மீட்டர் சொல்லாத கணக்கு

என்ஜினும் கியர்பாக்ஸும் தேய்வது கிலோமீட்டரால் மட்டுமல்ல, ஓடிய நேரத்தாலும்தான். நெடுஞ்சாலையில் சராசரி 60 கி.மீ. வேகத்தில் ஒன்றரை லட்சம் ஓடிய வண்டி 2,500 மணி நேரம் இயங்கியிருக்கும். நகர நெரிசலில் சராசரி 20 கி.மீ. வேகத்தில் எண்பதாயிரம் ஓடிய வண்டி 4,000 மணி நேரம் இயங்கியிருக்கும். ‘குறைவாக ஓடியது’ என்று கூடுதல் விலை கேட்கப்படும் வண்டியே இங்கு அதிகம் உழைத்தது. நின்று நின்று போகும்போது கியர் மாறும் எண்ணிக்கையும் கூடும், வெப்பமும் கூடும்.

எண்ணையே குறைத்துவிடுவது தனிக் கதை. டிஜிட்டல் மீட்டரைக் கருவி கொண்டு மாற்ற முடியும். ஆனால் இவ்வகைக் கார்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டும் பதிவாவதில்லை, வேறு கணினிப் பெட்டிகளிலும் பதிவாகிறது. ஸ்கேன் போடத் தெரிந்தவர் இரண்டையும் ஒப்பிட்டால் வேறுபாடு வெளியே வரும். 17 எழுத்து சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, ஒவ்வொரு சர்வீஸின்போதும் வண்டி எத்தனை கிலோமீட்டரில் இருந்தது என்று டீலரிடம் கேட்பது அதைவிட எளிது. ‘ஃபுல் சர்வீஸ் ரெக்கார்ட்’ என்று விளம்பரத்தில் இருப்பதற்குப் பொருள், கடைசிப் பில் வரை வரிசையாகக் காகிதம் இருப்பது. முதல் நான்கு ஆண்டுகளுக்குக் கம்பெனிப் பில்லும் அதன்பின் வாய்வார்த்தையும் இருந்தால் அது முழுமை ஆகாது. செலவு பிடிக்கும் வேலைகள் வருவதே அந்தப் பிற்பாதியில்தான்.

‘ஆயுட்காலம்’ என்ற சொல்

இந்த 5 சீரிஸில் இருப்பது ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் செய்த எட்டு வேக தானியங்கி கியர்பாக்ஸ், 8எச்.பி. ஜாகுவார் எக்ஸ்.எஃப். உள்ளிட்ட பல வண்டிகளிலும் இதே குடும்பம்தான். நான்கு கோள் பற்சக்கரத் தொகுதிகளையும் ஐந்தே ஐந்து கிளட்ச், பிரேக் உறுப்புகளையும் கொண்டு எட்டு வேகங்களைத் தருகிறது. எந்த கியரிலும் அந்த ஐந்தில் மூன்று இறுகியிருக்கும், இரண்டு மட்டுமே தளர்ந்திருக்கும். தளர்ந்த கிளட்ச்கள் எண்ணெயில் உரசிச் சுழல்வதால் ஏற்படும் இழப்பு இதனால் குறைகிறது. பொறியியலாளர் பெருமைப்படத் தக்க வேலை இது.

இதன் உயிர் எண்ணெயில் இருக்கிறது. கிளட்ச்களை அழுத்தும் விசை, சூட்டைக் கடத்துவது, கிளட்ச் தகடுகள் வழுக்காமலும் வெடுக்கென்று பிடிக்காமலும் சேர்வது என மூன்று வேலைகளையும் ஒரே எண்ணெய் செய்கிறது. சூட்டில் எண்ணெய் கெடும். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் எண்ணெயின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியியலில் வழங்கும் பொது விதி. மே மாத நெரிசலில் ஏ.சி. போட்டுக்கொண்டு ஊர்ந்து செல்லும் வண்டிக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பி.எம்.டபிள்யூ. இந்த எண்ணெயை ‘ஆயுட்கால நிரப்பு’ என்று அறிவித்தது. வழக்கமான சர்வீஸ் அட்டவணையில் அதை மாற்றும் வேலைக்கு இடமே இல்லை. கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். சொல்வது வேறு: கடும் பயன்பாட்டில் 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு ஆண்டுகளில், எண்ணெயை மாற்ற வேண்டும். மெர்சிடிஸும் தன் ஐந்து வேக கியர்பாக்ஸின் எண்ணெயை முதலில் ஆயுட்காலத்துக்கானது என்று சொல்லி, பிறகு மாற்றும் இடைவெளியைக் கொண்டுவந்தது.

அப்படியானால் ‘ஆயுட்காலம்’ என்பது யாருடைய ஆயுள்? நடைமுறையில் அது முதல் உரிமையாளரின் ஆயுள். உத்தரவாதமும் சர்வீஸ் பேக்கேஜும் நடப்பில் இருக்கும் முதல் சில ஆண்டுகளில் ஒரு பெரிய செலவு அட்டவணையிலிருந்து மறைகிறது, வண்டியின் பராமரிப்புச் செலவும் குறைவாகத் தெரிகிறது. அந்தச் செலவு எங்கும் போய்விடவில்லை. ஒன்றரை லட்சம் கிலோமீட்டரில் வாங்கும் மூன்றாவது உரிமையாளரின் வீட்டு வாசலில் காத்திருக்கிறது. அவர் விற்பவரிடம் கேட்டால், ‘கம்பெனி சொன்னபடிதான் எல்லாம் செய்தேன்’ என்ற பதில் வரும். அது உண்மையாகவும் இருக்கும். கவலை தருவது அதுதான். யாரும் பொய் சொல்லாமலே ஒரு குறை கைமாறிவிடுகிறது.

குறையை மறைக்கும் கெட்டிக்காரக் கணினி

இதைவிட நுட்பமான ஒன்று கியர்பாக்ஸுக்குள்ளேயே நடக்கிறது. ஒரு கிளட்ச் பிடிக்க, அதன் பிஸ்டன் சிறு இடைவெளியைக் கடந்து தகடுகளைத் தொட வேண்டும். அதற்கு எவ்வளவு எண்ணெயை, எந்த அழுத்தத்தில், எத்தனை மில்லி விநாடி அனுப்புவது என்பதைக் கணினி முடிவு செய்கிறது. தகடு தேயத் தேய இடைவெளி கூடும், பிடிப்பது தாமதமாகும். உள்ளே வரும் வேகத்தையும் வெளியே போகும் வேகத்தையும் ஒப்பிட்டு அந்தத் தாமதத்தைக் கணினி உணர்கிறது. அடுத்த முறை கொஞ்சம் முன்னதாகவோ கொஞ்சம் அதிகமாகவோ எண்ணெயை அனுப்புகிறது. இந்தத் தகவமைப்பு ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் தனித்தனியாக எண்களாகச் சேமிக்கப்படுகிறது.

ஓட்டுபவருக்கு இதனால் தெரிவது ஒன்றே: கியர் மாறுவதே தெரியவில்லை. பத்தாயிரத்தில் எப்படி இருந்ததோ, ஏறக்குறைய அப்படியே ஒன்றரை லட்சத்திலும் இருக்கிறது. உள்ளே தேய்மானம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. திருத்தும் வரம்பு முடியும்வரை கணினி அதை ஈடுகட்டுகிறது. வரம்பு முடிந்ததும் வெட்டு, குலுக்கல், பிறகு எச்சரிக்கை விளக்கு என்று அடுத்தடுத்து வரும். பழைய மேனுவல் வண்டியில் கிளட்ச் தேய்ந்தால் பெடலே மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும். இங்கே அந்த முன்னறிவிப்பு இயந்திரத்தின் கெட்டிக்காரத்தனத்தில் மறைந்துபோகிறது.

ஆகவே பத்து நிமிட டிரையலில் ‘கியர் வெண்ணெய் மாதிரி போகிறது’ என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி அந்தத் தகவமைப்பு எண்களில் இருக்கிறது. ஸ்கேன் கருவியில் அவற்றைப் படிக்கலாம். வரம்பை நெருங்கிய எண்கள் இருந்தால் கியர்பாக்ஸ் தன் சேமிப்பைத் தின்று முடித்துவிட்டது என்று பொருள். எல்லாம் பூஜ்யத்தில் இருந்தால் யாரோ அண்மையில் அழித்திருக்கிறார்கள். அழித்ததற்கான காரணமும் பில்லும் கேட்கப்பட வேண்டும்.

கருவி இல்லாமலும் சிலவற்றைக் கவனிக்க முடியும். காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போதே வண்டியைப் பார்க்க வேண்டும்; முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் போவது நல்லது. பி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றியதும் வண்டி உடனே பிடிக்க வேண்டும், தயங்கி இடிக்கக் கூடாது. சிக்னலில் நிற்கப்போகும் கடைசிச் சில அடிகளில் பின்னாலிருந்து தள்ளுவதுபோல் இருந்தால் குறித்துக்கொள்ள வேண்டும். அறுபது எழுபது வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது, கரடுமுரடான சாலையில் போவதுபோல் அதிர்ந்தால், என்ஜினைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் டார்க் கன்வர்ட்டரைச் சந்தேகிக்கலாம். பிறகு அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டி, எல்லாவற்றையும் சூட்டில் மறுபடி பார்க்க வேண்டும்.

எண்ணெயை மாற்றியிருப்பதாகச் சொன்னால் பில்லில் மூன்று விவரம் இருக்க வேண்டும்: எண்ணெயின் பெயர், எத்தனை லிட்டர், அடித்தட்டு மாற்றியது. இந்த கியர்பாக்ஸில் ஃபில்டர் அடித்தட்டோடு ஒட்டியே வருவதால், தட்டை மாற்றாமல் ஃபில்டரை மாற்ற முடியாது. அளவு பார்க்கும் கம்பி இதில் கிடையாது. என்ஜினை ஓடவிட்டு, எண்ணெய் சுமார் 40 டிகிரியில் இருக்கும்போது நிரப்பும் துளை வழியாகத்தான் அளவு சரிபார்க்கப்படுகிறது. இந்த முறை தெரியாத ஒர்க்‌ஷாப்பில் மாற்றிய எண்ணெய், மாற்றாததைவிடக் கெடுதல் செய்யக்கூடும்.

பழைய எண்ணெயை மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்று சில மெக்கானிக்குகள் எச்சரிக்கிறார்கள். ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிய கியர்பாக்ஸுக்குக் கடைசி முயற்சியாக எண்ணெய் மாற்றி, அது பின்னர் நின்றுபோன அனுபவங்களே இந்த அச்சத்தின் வேர். தேய்ந்த தகட்டைப் புதிய எண்ணெய் மீட்டுத் தராது. நன்றாக ஓடும் கியர்பாக்ஸில் அதே காரணத்தைச் சொல்லித் தள்ளிப்போடுவது தேய்மானத்தைக் கூட்டுவதில்தான் முடியும்.

விலையும் செலவும்

காரின் விலை விழும், உதிரிபாகத்தின் விலை விழாது. புதிதில் 50 லட்சத்துக்கு விற்ற வண்டி 10 லட்சத்துக்கு இறங்கினாலும், அதன் கியர்பாக்ஸும் ஹெட்லைட்டும் 50 லட்ச வண்டியின் பாகங்களாகவே இருக்கும். வாங்கும் விலையோடு முதல் ஆண்டுச் செலவையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும். கியர்பாக்ஸ் எண்ணெய், பிரேக், சஸ்பென்ஷன் புஷ், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு வாங்கும் முன்பே எழுத்துப்பூர்வ மதிப்பீடு பெற்று, அந்தத் தொகையைக் கையில் தனியாக வைத்திருப்பவருக்கே இந்த வண்டி பொருந்தும். முழுப் பணத்தையும் விலையாகக் கொடுத்துவிட்டு முதல் பழுதுக்குக் கடன் தேடும் நிலையில் இருப்பவர் இதைத் தவிர்ப்பதே நல்லது.

வெளிமாநில வண்டி என்றால் வரி தனி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு வாழ்நாள் வரி 20 விழுக்காடு. வெளிமாநிலத்திலிருந்து வரும் பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்து விகிதம் குறையும். ஆனால் கணக்கின் அடிப்படை இப்போது பேசி முடித்த விலையல்ல, வண்டி புதிதாக இருந்தபோதைய விலை. ‘டெல்லியில் ஐந்து லட்சம் மலிவு’ என்ற பேச்சு பல நேரம் ஆர்.டி.ஓ. அலுவலக வாசலிலேயே கரைந்துபோவது இதனால்தான். முன்பணம் கொடுக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கான தொகையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மற்ற கேள்விகள்

*டெல்லியின் பத்தாண்டு விதி தமிழ்நாட்டில் உண்டா?* இல்லை, பதிவு 15 ஆண்டு செல்லும், பிறகு எஃப்.சி. பார்த்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும்.

*‘சர்டிஃபைட்’ கார் என்றால்?* விற்பவரே தரும் சான்று; நூறு இருநூறு புள்ளிகள் பார்த்ததாகச் சொன்னாலும், கியர்பாக்ஸ் தகவமைப்பு எண்கள் அந்தப் பட்டியலில் உள்ளனவா என்று கேட்க வேண்டும்.

*520டி என்ஜினில் கவனிக்க வேண்டியது?* 2014 வாக்கில் மாறும்வரை வந்த என்47 என்ஜினில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. குளிர்ந்த ஸ்டார்ட்டில் பின்பக்கம் சலசலப்புக் கேட்டால் பெரிய வேலை.

*வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா?* சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துச் சேற்றுக்கோடு பார்க்க வேண்டும், கம்பளத்தின் அடியில் ஈரமும் துருவும் பார்க்க வேண்டும்.

*பேட்டரி புதிதா?* மாற்றியபின் வண்டியின் கணினியில் பதிவு செய்யாவிட்டால் புதிய பேட்டரியும் சீக்கிரம் கெடும்.

*வங்கிக் கடன் பாக்கி?* ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால், படிவம் 35-உம் வங்கியின் என்.ஓ.சி.யும் கைக்கு வராமல் பணம் கொடுக்கக் கூடாது.

*எந்தப் படிவங்கள்?* பெயர் மாற்றத்துக்கு 29, 30, வெளிமாநிலத்துக்கு 28.

*இன்சூரன்ஸ்?* 14 நாள்களுக்குள் பெயர் மாற்றக் கோர வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் பழைய உரிமையாளரோடு போய்விடும்.

*ஜி.எஸ்.டி.?* தனிநபர் தனிநபருக்கு விற்றால் இல்லை. பதிவு பெற்ற டீலர் தன் லாபத்தின்மீது 18 விழுக்காடு கட்டுகிறார்.

*எப்போது வாங்கலாம்?* சர்வீஸ் பில் வரிசை அறுபடாமல் இருந்து, தகவமைப்பு எண்கள் வரம்புக்குள் இருந்து, முதல் ஆண்டுச் செலவும் வரியும் சேர்ந்த தொகை கையில் இருந்தால்.

*எப்போது விலக வேண்டும்?* ஸ்கேன் போட விற்பவர் மறுத்தால், உடனே.