ஒன்றாம் நம்பர் எப்போது வரும்?

வெளியூர்க்காரர் யாராவது திருச்சியில் ஸ்ரீரங்கத்துக்கு வழி கேட்டால், "ஒண்ணாம் நம்பர்ல ஏறுங்க" என்பார்கள். மத்தியப் பேருந்து நிலையத்தில் புறப்பட்டு மெயின் கார்டு கேட், சத்திரம் வழியாகக் காவிரிப் பாலம் ஏறி, மாம்பழச்சாலை, திருவானைக்கோவில் தாண்டி ஸ்ரீரங்கம் சேரும் பஸ் அது. நிறுத்தத்தில் நிற்பவருக்குத் தெரிய வேண்டியதெல்லாம், அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்பதுதான்.

வண்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது இன்று பெரிய காரியமில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால், பஸ்ஸில் உள்ள கருவி தன் இடத்தைக் கணக்கிட்டு செல்போன் வலையமைப்பு வழியாக அனுப்பிவிடும். அந்த இடத்தை நிமிடமாக மாற்றுவதுதான் கடினம். தூரத்தை வேகத்தால் வகுத்தால் விடை வராது. டவுன் பஸ்ஸின் நேரத்தை அதன் ஓட்டத்தைவிட நிற்பதுதான் குலைக்கிறது. மெயின் கார்டு கேட்டில் பாருங்கள்: இறங்குகிறவர்கள் இறங்கி முடிப்பதற்குள் துணிக்கடைப் பைகளோடு ஏறுகிறவர்கள் படியில் கால் வைத்துவிடுவார்கள். கண்டக்டர் விசில் கொடுத்த பிறகும் ஒரு பாட்டி, கூடையைத் தூக்கி உள்ளே வைக்க ஆள் தேடுவார். இந்த அரை நிமிடங்கள் எந்த வேகக் கணக்கிலும் வராது.

நம் ஊர்ச் சாலைக்கு ஏற்ற வழியைத் தேடியவர்களில் சென்னை ஐஐடியின் லெலிதா வனஜாட்சி குழுவினர் முக்கியமானவர்கள். 2009இல் வெளியான அவர்களது ஆய்வின் யோசனை எளிமையானது. பாதையை 100 மீட்டர் துண்டுகளாக வெட்ட வேண்டும். முன்னால் போன இரண்டு பஸ்கள் ஒவ்வொரு துண்டையும் கடக்க எடுத்த நேரத்தை வைத்து மூன்றாவது பஸ்ஸின் நேரத்தைச் சொல்ல வேண்டும். இதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கருவி, ருடால்ஃப் கால்மன் 1960இல் வகுத்த கால்மன் வடிகட்டி. அப்போலோ விண்கலங்களின் வழிகாட்டலுக்கும் உதவிய கணிதம் அது. தன் ஊகத்தையும் புதிதாக வந்த அளவீட்டையும் ஒப்பிட்டு, எதை எவ்வளவு நம்பலாம் என்று ஒவ்வொரு படியிலும் அது எடைபோடுகிறது. சமையல்காரர் குழம்பைக் கொதிக்கக் கொதிக்க ருசி பார்த்து உப்பைச் சரிசெய்வது போல.

ஆனால் முன்னால் போன வண்டியே பின்னால் வரும் வண்டியின் நேரத்தை மாற்றிவிடும். முதல் பஸ் கொஞ்சம் தாமதித்தால் அதற்காகக் காத்திருக்கும் கூட்டம் பெருகும். ஏற்றி இறக்க இன்னும் நேரமாகும். பின்னால் வருவதற்குக் கூட்டமே இருக்காது. விரைந்து வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். இரண்டு பஸ் சேர்ந்து வந்து, அப்புறம் நெடுநேரம் ஒன்றுமே வராமல் போவது ஓட்டுநரின் குற்றமல்ல என்று 1964லேயே நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டிரண்டாக வந்தால் பத்து நிமிடம். ஓடும் பஸ்கள் என்னவோ அதே எண்ணிக்கைதான்.

பழகிய தரவு கைவிடும் நாட்களும் உண்டு. காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காக 2022 செப்டம்பர் முதல் 2023 மார்ச் வரை மூடப்பட்டபோது பஸ்கள் சுற்றுவழியில் போயின. அப்போது பழைய பயண நேரங்கள் எதற்கும் உதவியிருக்காது. வைகுண்ட ஏகாதசியன்றோ, மார்கழியின் சாதாரண விடியற்காலையை வைத்துக் கணித்தால் தப்பாகவே வரும். அந்த நாளை அந்த நாளின் பஸ்களிடமிருந்துதான் கற்க வேண்டும்.

கணித்த நேரத்தைக் காட்டும் விதத்திலும் அக்கறை வேண்டும் என்பேன். பத்து நிமிடம் என்று சொன்ன பஸ் பன்னிரண்டில் வந்தால், காத்திருப்பவருக்கு எரிச்சலோடு போய்விடும். ஏழிலேயே வந்து போய்விட்டால், டீ குடிக்கப் போனவர் அதைத் தவறவிட்டு அடுத்ததற்கு முழு இடைவெளியும் நிற்க வேண்டும். இரண்டு பிழைக்கும் ஒரே எடை கொடுப்பது நியாயமில்லை. திருவானைக்கோவில் நிறுத்தத்தில் ஒரு பலகை வைத்தால், வண்டி பாலத்துக்குத் தெற்கே இருக்கும்வரை '8 முதல் 14 நிமிடம்' என்று அகலமாகச் சொல்லட்டும். மாம்பழச்சாலை தாண்டிய பிறகு '2 முதல் 3' என்று சுருக்கட்டும்.