மிருதங்கம் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது?

கச்சேரி மேடையில் பாடுகிறவருக்கும் மிருதங்கத்துக்கும் இடையே ஒன்றரை மீட்டர் இருக்கும். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. மில்லி விநாடிக்கு 34 சென்டிமீட்டர். மிருதங்கத்தில் விழும் ஒரு ‘தோம்’ பாடகரின் காதை எட்ட நான்கைந்து மில்லி விநாடி ஆகும். யாரும் அதைக் கவனிப்பதில்லை. அதே பாடகர் சென்னையிலும், வயலின் திருச்சியிலும், மிருதங்கம் பெங்களூரிலும் உட்கார்ந்து இணையம் வழியே ஒத்திகை பார்த்தால் அந்த நான்கைந்து நாற்பதாகும். இணைப்புகளைச் சரியாகப் போடாவிட்டால் நானூறாகவும் ஆகும். இந்தத் தாமதத்தை மீட்டரில் சொல்லிப் பார்த்தால் விஷயம் உடனே பிடிபடும். 40 மில்லி விநாடி என்றால் மிருதங்கம் 14 மீட்டர் தள்ளி, சபாவின் நடு வரிசை நாற்காலிகளுக்கு மத்தியில் இருக்கிறது. 400 என்றால் கிட்டத்தட்ட 140 மீட்டர். அது அடுத்த தெரு.

பெருந்தொற்றுக் காலத்தில் பலரும் கட்டம் கட்டமாகத் தோன்றிச் சேர்ந்து பாடிய காணொளிகளை நிறையப் பார்த்தோம். அவற்றில் பெரும்பாலானவை நேரலை அல்ல. ஒவ்வொருவரும் தனித்தனியே பதிவுசெய்து அனுப்ப, ஒருவர் உட்கார்ந்து கோத்தவை. எரிக் விட்டேக்கர் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 2010லேயே இப்படி 185 குரல்களைச் சேர்த்து ஒரு பாடலை வெளியிட்டார். அழகான வேலைதான். ஆனால் அங்கே ஒருவர் பாடுவதை மற்றவர் அந்த நேரத்தில் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டே வாசிப்பதுதான் ஒத்திகை. நிரவலில் பாடகர் எங்கே நிற்பார், கல்பனாஸ்வரத்தில் எந்த இடத்துக்குக் கணக்கு வந்து விழும் என்று அந்தக் கணத்தில் ஊகித்து வாசிக்கும் நம் சங்கீதத்துக்கு, முன்கூட்டியே பதிவுசெய்து கோர்ப்பது உதவாது.

எவ்வளவு தாமதத்தைத் தாங்க முடியும்? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃபும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்து 2010ல் வெளியிட்டார்கள். இருவரைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து, ஒருவர் தட்டலோடு மற்றவர் தட்டல் பின்னிக்கொள்ளும் ஒரு தாளத்தைக் கைதட்டச் சொன்னார்கள். இருவருக்கும் நடுவே 3 முதல் 78 மில்லி விநாடி வரை தாமதத்தை மாற்றி மாற்றி வைத்தார்கள். சுமார் 10 முதல் 21 மில்லி விநாடி வரை தாளம் நின்றது. 25 முதல் 60 வரை இழுக்க ஆரம்பித்தது. 66ஐத் தாண்டியதும் குலைந்தது. வியப்பான செய்தி இன்னொன்று: 10க்கும் கீழே போனபோது தாளம் ஓடியது. தாமதம் குறையக் குறைய எல்லாம் சரியாகும் என்ற நம் எண்ணத்தை இது கொஞ்சம் அசைத்துப் பார்க்கிறது. வெறும் கைதட்டலை வைத்துச் செய்த சோதனையை ஒரு பல்லவிக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் இணையத்தில் சேர்ந்து வாசித்தவர்கள் பலரும் பொதுவாகச் சொல்லும் 25, 30 மில்லி விநாடி என்ற எல்லையோடு இது ஒத்துப்போகிறது.

தாளம் இழுப்பதற்குக் காரணம் எளிது. பாடகரின் அடி மிருதங்கக்காரருக்குத் தாமதமாகக் கேட்கிறது. அவர் அதற்கேற்ப வாசிக்கிறார். அவர் வாசித்தது பாடகருக்கு இன்னும் தாமதமாக வருகிறது. பாடகர் அவருக்காகக் காத்திருக்கிறார். ஒருவருக்காக மற்றவர் விட்டுக்கொடுக்கும் நல்ல குணமே ஒவ்வோர் அட்சரத்திலும் காலப்பிரமாணத்தைப் பின்னே இழுக்கிறது. நிமிடத்துக்கு 60 அட்சரம் போகும் ஆதி தாளத்தில், அட்சரத்துக்கு 16 சொல் விழுந்தால் ஒரு சொல்லுக்குக் கிடைப்பது 62.5 மில்லி விநாடி. 40 மில்லி விநாடித் தாமதம் என்பது அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கோர்வை இடத்துக்கு வராமல் போக இது போதும்.

இந்த மில்லி விநாடிகள் எங்கே செலவாகின்றன? கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 1,000 கிலோமீட்டருக்கு 5 மில்லி விநாடி. மூவரின் ஒலியையும் சேர்த்துத் திருப்பி அனுப்பும் சர்வர் மும்பையில் இருந்தால், சென்னையிலிருந்து அதற்கு நேர்கோட்டில் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் ரூட்டர்களும் உண்டு என்பதால் கொஞ்சம் கூடும். அதே சர்வர் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் இருந்தால், பெங்களூரில் விழும் அடி ஐரோப்பா போய்த் திரும்பித்தான் சென்னைக்கு வரும். ஒரு வழி 7,600 கிலோமீட்டர். போகவர 76 மில்லி விநாடி, அதுவும் ஏட்டுக் கணக்கில். சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மீதி வீட்டுக்குள் நடக்கிறது. ஒலியைக் கணினி சொட்டுச் சொட்டாக வாங்குவதில்லை. ஒரு தொகுதி சேர்ந்ததும் எடுத்துக்கொள்ளும். அந்தத் தொகுதிக்குப் பெயர் பஃபர். விநாடிக்கு 48,000 மாதிரி எடுக்கும்போது 128 மாதிரி கொண்ட பஃபர் 2.7 மில்லி விநாடி; 1,024 என்று விட்டுவைத்தால் 21. உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது ஒருமுறை என இதை இரண்டு தடவை கொடுக்க வேண்டும். மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் தனி ஆடியோ இன்டர்பேஸும், விண்டோஸ் கணினியில் அதைச் சிறிய பஃபரோடு இயக்கும் ஏஸியோ டிரைவரும் தேவைப்படுவது இங்கேதான். ப்ளூடூத் ஹெட்போன் மட்டும் தனியாக 100 முதல் 200 மில்லி விநாடி வாங்கிக்கொள்ளும். 30, 60 மீட்டர் கூடிவிட்டது. கம்பி ஹெட்போன் தவிர வேறு எதுவும் இந்த வேலைக்கு ஆகாது.

வைஃபையின் குற்றம் வேறு வகை. அதன் சராசரித் தாமதம் குறைவாகவே இருக்கலாம். ஆனால் ஒலியைச் சுமந்து வரும் ஒரு பொட்டலம் 3 மில்லி விநாடியில் வந்தால் அடுத்தது 20ல் வரும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய வாங்கும் பக்கத்தில் இன்னொரு பஃபர் வேண்டும். பந்தியில் சமையல்கட்டிலிருந்து சோறு விட்டு விட்டு வந்தாலும் இலைக்கு இலை தடையில்லாமல் விழ, பரிமாறுகிறவர் வாளியில் எப்போதும் கொஞ்சம் இருப்பு வைத்திருப்பாரே, அப்படி. வரத்து ஒழுங்காக இருந்தால் சின்ன வாளி போதும். லேன் கேபிளைச் செருகினால் வரத்து ஒழுங்காகும், வாளி சிறிதாகும், மிருதங்கம் சில மீட்டர் கிட்டே வரும். செலவு சில நூறு ரூபாய்.

வழக்கமான கூட்டச் செயலிகளில் இதெல்லாம் ஏன் முடிவதில்லை? அவை பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. தொலைபேசிப் பேச்சுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடி வரை பரவாயில்லை என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. பேச்சுக்கு 51 மீட்டர் பரவாயில்லை. தனி ஆவர்த்தனத்துக்கு ஆகாது. தவிர, மாறாமல் ஒலிப்பதை எல்லாம் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அவை வடிகட்டுகின்றன. மின்விசிறிச் சத்தத்தோடு தம்புராவும் போய்விடும். வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு இணையத்தில் பாட்டு சொல்லித்தரும் ஆசிரியர்கள் பலர் வருடக்கணக்காகப் படும் அவதி இது. சுருதிப்பெட்டியைச் சத்தமாக வைக்க வைக்க அந்தப் பக்கம் விட்டு விட்டுக் கேட்கும். ‘ஒரிஜினல் சவுண்ட்’ போன்ற ஏற்பாட்டைத் தேடிப் போட்டால் சுருதி திரும்பி வரும். தாமதம் பெரிதாகக் குறையாது.

இசைக்கென்றே வந்தவை வேறு. ஸ்டான்ஃபோர்டில் பிறந்த ஜாக்டிரிப் ஒலியைச் சுருக்காமல் அப்படியே அனுப்புகிறது. இத்தாலியின் த்ரியெஸ்தே நகர இசைக் கல்லூரியில் உருவான லோலா படத்தையும் சேர்த்து அனுப்பும். ஆனால் ஆராய்ச்சி நிறுவனங்களை இணைக்கும் அதிவேக வலையமைப்பு வேண்டும். சாதாரண வீட்டு பிராட்பேண்டுக்கு ஏற்றது ஜமுலஸ். ஃபோல்க்கர் பிஷர் என்பவர் 2006ல் தொடங்கிய இலவச மென்பொருள். எல்லோருடைய ஒலியும் ஒரு சர்வருக்குப் போகும். அங்கே ஆளுக்கொரு மிக்ஸ் தனித்தனியாகத் தயாராகித் திரும்பி வரும். மேடையில் “மானிட்டர்ல வயலினைக் கொஞ்சம் ஏத்துங்க” என்று கையைக் காட்டிக் கெஞ்ச வேண்டியதில்லை. அவரவர் திரையில் அவரவரே ஏற்றிக்கொள்ளலாம்.

இனிதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. உங்கள் ஒலியை எங்கிருந்து கேட்கிறீர்கள்? ஆடியோ இன்டர்பேஸில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதைப் போட்டால் உங்கள் வயலின் தாமதமே இல்லாமல் உங்கள் ஹெட்போனில் கேட்கும். சுகமாக இருக்கும். ஆனால் ஒத்திகையைக் கெடுப்பது இதுதான். சர்வருக்குப் போக 15, திரும்ப 15 மில்லி விநாடி என்று வையுங்கள். சர்வரில் மிருதங்கத்தின் அடி விழுந்து 15 மில்லி விநாடி கழித்து உங்கள் காதுக்கு வருகிறது. அதோடு சரியாகச் சேர்ந்து வில்லைப் போடுகிறீர்கள். உங்கள் ஒலி சர்வரை எட்ட இன்னும் 15. ஆக, உங்கள் காதில் கச்சிதமாகச் சேர்ந்தது சர்வரில் 30 மில்லி விநாடி பின்தங்கி விழுகிறது. மற்ற இருவருக்கும் அப்படியே போய்ச் சேருகிறது. மூவரும் இதையே செய்தால் மூவரும் தன்மேல் தவறில்லை என்று சத்தியம் செய்வார்கள். தாளம் மட்டும் இழுத்துக்கொண்டே போகும்.

அதனால் டைரக்ட் மானிட்டரை நிறுத்திவிட்டு, சர்வரிலிருந்து திரும்பி வரும் தன் ஒலியைத்தான் கேட்க வேண்டும். அப்போது கை தானாகக் கொஞ்சம் முந்தும். மூவருக்கும் பொதுவான மேடை அந்தச் சர்வர்தான். அங்கே சேர்ந்தால் எல்லோரிடமும் சேரும்.

சொல்வது எளிது. வயலின் வாசிப்பவர் காதை நன்றாக மூடும் ஹெட்போன் போட்டுக்கொண்டு ஓரளவு பழகிவிடலாம். மிருதங்கத்தின் வலந்தலை ஒலி எந்த ஹெட்போனையும் துளைத்துக்கொண்டு வரும். பாடுகிறவருக்கு இன்னும் சிக்கல்: அவர் குரல் மண்டையோட்டு எலும்பு வழியாகவே உட்செவிக்குப் போகிறது; அதை மூட வழியில்லை. எலும்பு வழி வருவதும் ஹெட்போனில் வருவதும் சில மில்லி விநாடி இடைவெளியில் கலக்கும்போது சில அதிர்வெண்களில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல் சத்தில்லாமல் கேட்கும். இடைவெளி கூடினால் நிலைமை மோசம். தன் குரல் ஏறக்குறைய 200 மில்லி விநாடி தாமதமாகத் தன் காதில் விழுந்தால் மனிதனுக்குப் பேச்சே தடுமாறும். பெர்னார்டு லீ என்பவர் 1950லேயே இதை விவரித்திருக்கிறார். ஆகவே பாடகர் தன் குரலை ஹெட்போனில் மெலிதாக வைத்துக்கொண்டு, மிருதங்கத்தோடு மட்டும் சேர்வதே நடைமுறைக்கு ஒத்து வருகிறது. காலத்தைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பை அந்த ஒரு நாளைக்கு லயக் கலைஞரிடம் கொடுத்துவிடலாம்.

கையைப் பார்க்கும் பழக்கத்தையும் விட வேண்டும். மேடையில் மிருதங்கக்காரர் பாடகர் போடும் தாளத்தைப் பார்த்தே வாசிப்பார். இங்கே படம் வேறு வழியில், ஒலியைவிடப் பின்னால் வரும். காது ஒன்று சொல்லக் கண் இன்னொன்று சொல்லும். பாடகர் தொடையில் தட்டும் சத்தம் மைக்கில் விழும்படி வைத்துவிட்டு, திரையைத் திருப்பி வைத்துவிடுவது நல்லது.

இந்தத் தாமதத் தொல்லைகளில் எதுவுமே தொடாதது தம்புரா. அதற்கு எடுப்பு, இடம் எதுவும் கிடையாது. தாமதமாக வந்தாலும் சுருதி சுருதிதான். அதனால் மூவரும் ஒரே கட்டையில் அவரவர் சுருதியைத் தங்கள் ஹெட்போனில் மட்டும் கேட்டுக்கொள்ளலாம். மைக்கில் விழக் கூடாது. விழுந்தால் மூன்று தம்புரா சர்வரில் கலந்து குழம்பும். வெளியே கேட்பவர்களுக்கென ஒருவர் மட்டும் தன் தம்புராவைத் தனிச் சேனலில் அனுப்பினால் போதும்.

வெளியே கேட்பவர்கள் என்றதும் நேரலை வருகிறது. பாடகரின் கணினியிலிருந்தே யூடியூப்புக்கு அனுப்பினால், அவர் தனக்காக வைத்துக்கொண்ட மிக்ஸ் போகும்: அதில் மிருதங்கம் ஓங்கி, குரல் அடங்கி இருக்கும். சரியான வழி, மைக் இல்லாத நான்காவது ஆளாக ஒரு கணினியைச் சர்வரில் சேர்ப்பது. ஒலி தெரிந்த ஒருவர் அதில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கான மிக்ஸைச் செய்வார். அந்தக் கணினியில் ஜமுலஸ் விடும் ஒலியை விபி கேபிள் அல்லது பிளாக்ஹோல் போன்ற மெய்நிகர் கேபிள் வழியாக ஓபிஎஸ் மென்பொருளுக்குத் திருப்ப வேண்டும். படம் பிந்தி வருவதால் ஒலியை அங்கேயே அதற்கேற்பப் பின்தள்ள வேண்டும். மூவரின் படமும் ஒரே அளவு பிந்தாது. தாளம் போடும் கை யாருடையதோ அவருக்குச் சரிசெய்வேன். நேரலை வெளியே வரச் சில விநாடிகள் ஆகும் என்பதால் வாசிக்கிறவர் வீட்டில் யாரும் அதைக் கைபேசியில் திறந்து வைக்கக் கூடாது. மைக் அதைப் பிடித்துச் சர்வருக்குத் திருப்பி அனுப்பிவிடும்.

ஒரு மணி நேரம் நன்றாகப் போன பிறகும் ‘டிக்’ என்று ஒரு வெட்டு விழலாம். பயப்பட வேண்டாம். எல்லா இன்டர்பேஸும் 48,000 என்று சொன்னாலும் அவற்றின் படிகக் கடிகாரங்கள் ஒன்றுபோல ஓடுவதில்லை. லட்சத்தில் 5 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட ஒரு மணி நேரத்தில் 180 மில்லி விநாடி சேர்ந்துவிடும். மென்பொருள் அவ்வப்போது கொஞ்சத்தை வெட்டியோ ஒட்டியோ சரிக்கட்டும்.

தூரம் கடல் தாண்டினால்? சென்னைக்கும் டொரன்டோவுக்கும் 13,000 கிலோமீட்டருக்கு மேல். ஒளிக்கே ஒரு வழி 65 மில்லி விநாடி தேவை. எந்தக் கருவியும் அதைக் குறைக்காது. அங்கே ஒரு வழி உண்டு: ஆசிரியர் மாணவரின் ஒலியைக் கேட்காமல் தொடர்ந்து பாடுவது, மாணவர் அதோடு சேர்ந்துகொள்வது. மாணவருக்கு எல்லாம் சேர்ந்தே கேட்கும். திருத்தம் சொல்ல, பிறகு மாணவரைத் தனியாகப் பாடச் சொல்லிக் கேட்கலாம். 2005ல் வந்த நின்ஜாம் என்ற மென்பொருள் இன்னொரு தந்திரம் செய்கிறது. தாமதத்தைக் குறைக்காமல் முழுதாக ஒரு சுற்று அளவுக்கு நீட்டிவிடுகிறது. ஒவ்வொருவரும் மற்றவர் போன ஆவர்த்தனத்தில் வாசித்ததைக் கேட்டுக்கொண்டு இந்த ஆவர்த்தனத்தை வாசிப்பார்கள். திரும்பத் திரும்ப வரும் வடிவங்களுக்கு அது ஒத்து வரும். மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பதில் சொல்லி, ஆவர்த்தனம் பாதியாகி, கால்வாசியாகி நெருங்கும் குறைப்புக்கு வராது.

குறைப்பை ஊர் விட்டு ஊர் வாசிக்க வேண்டுமென்றால் ஊர்கள் கிட்டே இருக்க வேண்டும். சென்னைக்கும் பெங்களூருக்கும் நேர்கோட்டில் 290 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒன்றரை மில்லி விநாடி, மேடையில் அரை மீட்டர். சர்வரையும் இவ்விரண்டு ஊர்களில் ஒன்றிலேயே வைத்து, பஃபரை 128க்குக் குறைத்து, லேன் கேபிளும் கம்பி ஹெட்போனும் போட்டு, டைரக்ட் மானிட்டரை நிறுத்தினால் இருவரும் 25 மில்லி விநாடிக்குள் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. முதல் நாள் ஒரு கோர்வையை மெதுவான காலத்தில் மூன்று முறை வாசித்து, சர்வரிலேயே தனித்தனியாகப் பதிவாகும் ஒலிகளை எடுத்துக் கேட்டுப் பாருங்கள். யார் கை எத்தனை மீட்டர் பின்னால் இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.