வேப்பமரக் கப்பலில் அமெரிக்கா சென்ற ஐவர்
வல்வெட்டித்துறையில் பிறந்த "அன்னபூரணி"யின் அதிசயக் கதை

ஆரணிக்கு அருகிலுள்ள பெரணமல்லூருக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே காது கேட்பது தறியின் ஓசைதான். அலையின் ஓசை அல்ல. ஆனால் தெருவில் நிழல் தரும் வேப்பமரத்தை எல்லாரும் அறிவார்கள். குச்சியை ஒடித்துப் பல் துலக்குவார்கள். அம்மை கண்ட வீட்டு வாசலில் இலையைச் செருகுவார்கள். வயது முதிர்ந்த மரத்தை அறுத்துக் கதவும் நிலையும் செய்வார்கள். அந்த வேப்பமரத்தை அறுத்துக் கப்பல் கட்டி, அந்தக் கப்பலில் அட்லாண்டிக் சமுத்திரத்தையே தாண்டினார்கள் என்று சொன்னால் நம்ப முடிகிறதா? நம்பத்தான் வேண்டும். சரித்திரம் அப்படி!

யாழ்ப்பாணத்தின் வடகரையில் வல்வெட்டித்துறை என்று ஒரு சிறு பட்டினம். பரம்பரை பரம்பரையாகக் கப்பல் கட்டிய ஊர் அது. யாழ்ப்பாணத்துப் புகையிலை அக்கரைக்குப் போனதும், பர்மா அரிசி இக்கரைக்கு வந்ததும் அவ்வூர்ப் பாய்க்கப்பல்களில்தான். கட்டியவர்கள் கல்லூரியில் படித்த இஞ்சினீயர்கள் அல்ல. காகிதத்தில் படம் வரையாமல், கண் அளவும் கை அளவும் கொண்டே வேலை செய்த மேஸ்திரிகள். அவர்கள் கையில் உருவான கப்பல்களில் ஒன்று "அன்னபூரணி அம்மாள்". நீளம் 89 அடி, அகலம் 19 அடி, இரண்டு பாய்மரங்கள்.

கனவுப் படகின் சொந்தக்காரர்

இப்போது உலகின் மறுகோடிக்குப் போவோம். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்க இளைஞர், 32 அடியே நீளமுள்ள ஒரு சின்னஞ்சிறு படகில் 1928-ல் புறப்பட்டு, 1931-ல் உலகைச் சுற்றி முடித்தார். படகின் பெயர் "ஸ்வாப்". தூக்கம், கனவு என்று பொருள்படும் வடசொல் அது!

கனவுக்கும் ஒரு முடிவு உண்டல்லவா? 1934-ல் பசிபிக் சமுத்திரத்திலுள்ள கலாபகஸ் தீவுகளில் அவருக்குத் திடீரென்று குடல்வால் நோய் கண்டு, உயிருக்கே ஆபத்தாகிவிட்டது. சுற்றிலும் தண்ணீர், வைத்தியர் இல்லை. தற்செயலாக அங்கே வந்த ஒரு மீன்பிடி கப்பல் ரேடியோவில் செய்தி அனுப்ப, அமெரிக்கக் கடற்படை விரைந்து வந்து அவரைக் காப்பாற்றியது. மனிதர் பிழைத்தார், அருமைப் படகோ அவர் கையை விட்டுப் போயிற்று.

உலகத் துறைமுகங்களையெல்லாம் பார்த்திருந்த அந்த மனிதரின் கண் பிறகு யாழ்ப்பாணத்துக் கப்பல் மேல் விழுந்தது. அன்னபூரணியை விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரை வைத்து "புளோரென்ஸ் சி. ராபின்சன்" என்று மறு நாமகரணம் செய்தார். கப்பல் அமெரிக்கா போய்ச் சேர வேண்டும். யார் ஓட்டுவது?

நூல் காத்த கப்பல்

கப்பலை நடத்த ஓர் அமெரிக்கக் காப்டன் இருந்தார். ஆனால் பாயையும் கயிற்றையும் கையாண்டவர்கள் வல்வெட்டித்துறைத் தமிழர்கள் ஐவர். அவர்களுக்குத் தலைவர் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. வங்கக் கடலின் குணத்தை நன்கு அறிந்தவர்கள். அட்லாண்டிக்கின் குணமோ அவர்களுக்குப் புதிது.

மரக்கப்பலில் நெடும்பயணம் போவது லேசான காரியம் அல்ல. வெயிலில் பலகை உலர்ந்து சுருங்கும். அலையில் நெளிந்து இடைவெளி விடும். அந்த இடைவெளியில் எண்ணெய் தோய்ந்த பஞ்சுத் திரியை உளி கொண்டு இறுக அடித்துச் செலுத்தி, மேலே குங்கிலியம் கலந்த பூச்சுப் பூசுவார்கள். இதற்குக் கலப்பற்று என்று பெயர். ஒரு முழம் திரி விட்டுப்போனாலும் கடல் உள்ளே வந்துவிடும். தறியில் ஓர் இழை அறுந்தால் சேலைக்குத்தான் பழுது. கடலில் திரி விட்டுப்போனால் உயிருக்கே பழுது!

பாயும் அப்படித்தான். காற்றில் கிழிந்தால் கப்பலிலேயே உட்கார்ந்து தைக்க வேண்டும். நடுக்கடலில் பட்டறை ஏது? தச்சரும் தாமே, தையற்காரரும் தாமே, சமையற்காரரும் தாமே.

ஏடன், சூயஸ், ஜிப்ரால்டர் என்று மேற்கே போயிற்று கப்பல். பிறகு கரையே தெரியாத அட்லாண்டிக். அதைத் தாண்டி பெர்மூடா தீவு. அந்தப் பக்கத்துக் கடலில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். தென்னையும் பனையும் சாயும். வீடுகளின் கூரை பறக்கும். நங்கூரமிட்ட படகுகளைக் கரையில் தூக்கி எறிந்துவிடும். அந்தக் காலம் பிறந்த பிறகுதான், 1938 ஆகஸ்டு முதல் வாரத்தில், மாசசூசெட்ஸ் மாகாணத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் நம் வேப்பமரக் கப்பல் பத்திரமாக நங்கூரம் போட்டது. கடலிலேயே பிறந்து வளர்ந்த குளோஸ்டர் மீனவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் ஐவரையும் பற்றி எழுதின.

கரை சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 21-ந் தேதி பயங்கரச் சூறாவளி ஒன்று அதே பிரதேசத்தைத் தாக்கியது. அறுநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ஆயிரக்கணக்கான படகுகள் நொறுங்கின. பயணம் ஏழு வாரம் தாமதித்திருந்தால்? நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது.

எங்கே அந்தக் கைகள்?

ராபின்சன் பின்னாளில் "வருவா" என்ற வேறொரு கப்பல் கட்டி, டாஹிட்டித் தீவுக்குக் குடிபோனார். வல்வெட்டித்துறையின் கதை அவ்வளவு இன்பமாக முடியவில்லை. நீராவியும் மோட்டாரும் பாயின் வேலையைப் பிடுங்கிக்கொண்டன. பர்மா வியாபாரம் நின்றது. இந்தியாவும் இலங்கையும் சுதந்திரம் பெற்ற பின் அக்கரை இக்கரைப் போக்குவரத்துக்குச் சட்டங்கள் குறுக்கே வந்தன. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய புயல் வட இலங்கைக் கரையையும் சூறையாடியது. அதன் பின் நீண்ட யுத்தம்.

புயலில் உடைந்த கப்பலைச் செப்பனிட்டுவிடலாம். செப்பனிடத் தெரிந்த கை போய்விட்டால் அதை எந்தப் பட்டறையில் செய்வது? தகப்பன் கையைப் பார்த்து மகன் கற்கும் தொழில் ஒரு தலைமுறை விட்டுப்போனால், அடுத்த தலைமுறை யாரிடம் போய்க் கேட்கும்? இந்தக் கேள்வியின் கனம் கடற்கரைக்காரர்களைவிடத் தறிவீட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பெரணமல்லூர் வேப்பமரம் இன்றும் நிழல் தருகிறது. அடுத்த முறை அதன் கீழே நிற்கும்போது ஒரு கணம் நிமிர்ந்து பாருங்கள். இதே மரம்தான் ஐந்து தமிழர்களை அமெரிக்கா வரையில் சுமந்து சென்றது!