சுண்ணாம்புக் குழியில் பிறந்த இலக்கியம்

திண்டுக்கல் என்றதும் ஊரார் நினைவுக்கு வருவது பூட்டு. அடுத்து, சமவெளியின் நடுவே தலைநிமிர்ந்து நிற்கும் மொட்டைப் பாறையும், அதன் உச்சியிலுள்ள கோட்டையும். நாவுக்குச் சுவை தேடுவோர் பிரியாணியை நினைப்பர். ஆனால், இவ்வூரின் மற்றொரு தொழிலை நினைப்பவர் சிலரே. நினைப்பவரும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நினைப்பர். அதுதான் தோல் தொழில்!

பேகம்பூர்ப் பக்கம் பழைய தொழிலாளிகளைக் கேளுங்கள், சொல்வார்கள். உப்பிட்டு வந்த தோலை ஊறவைத்துக் கழுவ வேண்டும். பிறகு சுண்ணாம்புக் குழியில் நாள் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். குழியில் இறங்கி மிதிக்க வேண்டும்; புரட்ட வேண்டும். மயிரைச் சுரண்டி, ஒட்டிய சதையை வழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறப்போட வேண்டும். மாட்டுத் தோல் பதமாகும். அதற்குள் மனிதத் தோல் புண்ணாகும்! விரலிடுக்கைச் சுண்ணாம்பு தின்னும். ஷாப்பை விட்டு வெளியே வந்தாலோ, நாற்றம் என்பார்கள், சாதி என்பார்கள், தள்ளி நில் என்பார்கள். அந்தத் தோலில் செய்த செருப்புக்குக் கிடைத்த இடம், அதைப் பதப்படுத்தியவனுக்குக் கிடைக்கவில்லை.

நாம் கேட்பது இதுதான்: தலைமுறை தலைமுறையாக மக்கள் அக்குழியிலே நின்றார்களே, அனுபவத்துக்கா அங்கே பஞ்சம்? கண்ணீருக்கா பஞ்சம்? கதைக்கா பஞ்சம்? பின் ஏன் அத்தனை காலம் அதிலிருந்து ஓர் இலக்கியம் எழவில்லை?

விடை எளிது. அனுபவம் இருந்தது, கருத்து இல்லை. இல்லை, இல்லை! ஒரு கருத்து இருந்தது. விதி என்ற கருத்து! தலையில் எழுதியது என்றார்கள். முற்பிறப்பின் வினை என்றார்கள். அதை நம்பியவரை அவன் தன் புண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான், கேள்வி கேட்கவில்லை. புலவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. குழியில் நிற்பவன் காவியத்துக்கு ஏற்றவன் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அனுபவம் ஊமை, தோழர்களே! கருத்துத்தான் அதற்கு நாக்கு.

அந்த நாக்கை நம் மக்களுக்கு யார் தந்தார்கள்? 1925இல் ஈரோட்டில் ‘குடி அரசு’ பிறந்தது. உன் இழிவு உன் தலையெழுத்தல்ல, மனிதர் செய்த ஏற்பாடு என்றது. மனிதர் செய்ததை மனிதரே மாற்றலாம் என்றது. சாதியைக் கேள்வி கேட்ட அதே ஏடு, முதலாளியையும் கேள்வி கேட்டது. மார்க்சும் ஏங்கெல்சும் எழுதிய பொதுவுடைமை அறிக்கையை 1931இல் தமிழில் வெளியிட்டதும் அந்த ஏடுதான். சிங்காரவேலர் அதிலே எழுதினார். கருப்பும் சிவப்பும் அன்று ஒரே தாளில் அச்சேறின.

பள்ளிக்கூட வாசலை மிதியாதவனுக்கு இந்தக் கருத்து எப்படிப் போய்ச் சேர்ந்தது? படிப்பகத்தின் வழியாக! தேநீர்க் கடையின் வழியாக! முடிதிருத்தகத்தின் வழியாக! எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பட்டம் தராத பல்கலைக்கழகம் அது. அங்கே கேட்டவன் மறுநாள் வேலைக்குப் போனபோது குழி அதே குழிதான். ஆனால் அவன் அதே ஆள் அல்ல. நேற்றுவரை வலி என்று மட்டும் அறிந்ததை, இன்று அநீதி என்று அறிந்தான். கருத்து அனுபவத்தை மாற்றுவது இப்படித்தான்.

இனி, இலக்கியத்துக்கு வருவோம். நெல்லைச் சீமையில் 1938இல் பிறந்தவர் டி. செல்வராஜ். வழக்கறிஞராகத் திண்டுக்கல்லுக்கு வந்தார். தொழிலாளரோடு பழகினார்; அவர்கள் பேச்சைக் கேட்டார்; தொழிலின் நெளிவுசுளிவை அறிந்தார். தோல் தொழிலாளர் கொத்தடிமைகளாய்க் கிடந்ததையும், சங்கமாய் எழுந்ததையும் ‘தோல்’ என்ற பெரிய நாவலாக்கி 2010இல் வெளியிட்டார். 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. ஊர் மூக்கைப் பொத்திய தொழில், நாட்டின் உயரிய இலக்கிய விருதைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்தது. 2019இல் அவர் மறைந்தார், நூல் மறையவில்லை.

அவர் நம் கொடியினர் அல்லர், செங்கொடியினர். அதனால் என்ன? மாற்றார் தோட்டத்து மல்லிகைக்கும் மணமுண்டு. அதை மறைப்பது பகுத்தறிவாளர்க்கு அழகல்ல.

“இதெல்லாம் பிரசாரம்! கருத்து புகுந்தால் கலை கெடும்!” என்று முகம் சுளிக்கும் மேதாவிகள் இன்றும் உண்டு. அண்ணாவின் ‘வேலைக்காரி’ மேடையேறியபோதும், 1952இல் ‘பராசக்தி’ திரைக்கு வந்தபோதும் இதே முணுமுணுப்புத்தான். அவர்களைக் கேட்கிறோம்: அரசனைப் பாடியது கருத்தில்லையா? ஆண்டவனைப் பாடியது கருத்தில்லையா? விதியைப் பாடினால் கலை, விடுதலையைப் பாடினால் பிரசாரமா?

ஆயினும் அவர்கள் பேச்சிலே ஒரு துளி உண்மை இருக்கிறது. அதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளியைப் பாருங்கள். சாவியை முதலில் செய்து வைத்துக்கொண்டு, எந்தப் பூட்டிலாவது திணிப்பாரா? பூட்டின் உள்ளமைப்பை அறிவார்; அதற்கேற்ப அராவுவார்; போட்டுப் பார்ப்பார்; மறுபடி அராவுவார். பிறகுதான் அது திறக்கும். கருத்து சாவி, வாழ்க்கை பூட்டு. வாழ்க்கையை அறியாமல் கருத்தை மட்டும் சுழற்றினால், சாவி உடையும்; பூட்டும் கெடும். செல்வராஜ் வென்றார் என்றால், கொடி மட்டும் காரணமல்ல. அராவிய உழைப்பே காரணம். கருத்து எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும். பார்க்க வேண்டியவை நம் கண்களே.

அதே குழி மற்றொரு பாடத்தையும் தந்தது. குழியிலிருந்து வழிந்த கழிவு நிலத்தில் இறங்கியது. கிணற்று நீர் கெட்டது. அதையும் மக்கள் நெடுநாள் விதி என்றே கிடந்தனர். பிறகு, சுற்றுச்சூழல் உரிமை என்ற புதிய கருத்து வந்தது. வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. திண்டுக்கல் மாவட்டமும் அதிலே அடங்கியது. ஒருபுறம் உழவனின் கிணறு. மறுபுறம் தொழிலாளியின் கூலி! இரண்டும் நம் மக்களுடையவை. இதற்கு முழக்கம் விடை தருமா? தராது. பழைய கருத்தைப் புதிய அனுபவத்தில் போட்டு அராவினால்தான் விடை பிறக்கும். அதற்குப் படிப்பு வேண்டும்.

அந்தப் படிப்பு நம்மிடம் இருக்கிறதா, தோழர்களே? 1973ஆம் ஆண்டுத் திண்டுக்கல் இடைத்தேர்தலைப் பற்றிக் கேட்டால், நம் பகுதித் தோழர்கள் விடிய விடியப் பேசுவார்கள். அதே ஊரைப் பற்றி எழுதப்பட்ட ‘தோல்’ நாவலைப் படித்தவர் யார் என்று ஒரு கூட்டத்தில் கேட்டோம். எழுந்த கைகள் இரண்டு! கேட்ட நாமே சென்ற ஆண்டுதான் அதைப் படித்தோம் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறோம். படிப்பகத்திலே வளர்ந்த இயக்கம் நம்முடையது. இன்று ஏடு இருந்த இடத்தில் கைப்பேசி. பத்துப் பேர் கூடி ஒன்றைக் கேட்ட இடத்தில், பத்துப் பேர் தனித்தனியே பத்தைப் பார்க்கிறோம். கொடிக்கம்பத்துக்கு வண்ணம் பூசுகிறோம். படிப்பக அலமாரியின் தூசியைத் தட்ட மறந்தோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கிளைக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். ஒருவர் உரக்கப் படிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும். முதல் நூல் ‘தோல்’ ஆகட்டும். கேட்ட பின், பக்கத்துத் தெருவிலுள்ள முதிய தொழிலாளியை அழைத்து, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பிழையோடு எழுதினாலும் குற்றமில்லை. எழுதாமல் விடுவதுதான் குற்றம். பூட்டறைகளின் கதை எழுதப்பட வேண்டும். புகையிலைக் கிடங்குகளின் கதை எழுதப்பட வேண்டும். சின்னாளப்பட்டித் தறிகளின் கதை எழுதப்பட வேண்டும். அவற்றையெல்லாம் வேறு யாரோ வந்து எழுதட்டும் என்று காத்திருப்போமா?

குழியில் நின்றவனுக்குக் கருத்து நாக்கைத் தந்தது. அந்த நாக்குக்குச் சொல்லைத் தருவது படிப்பு.

படிப்போம்! படித்ததை வாழ்வில் போட்டு அராவிப் பார்ப்போம்! பூட்டு திறக்கும்!